எண்ணிய வயதும் கணித்த வயதும்: ஒரு சுறா, ஒரு மரம்

நீங்கள் கேட்டது இது. வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்காக, நெடுநாள் வாழும் உயிர்களைப் பற்றி ஒரு பெரிய தாள் தயாரிக்கிறீர்கள். கிரீன்லாந்து சுறா 512 ஆண்டு வாழும் என்று ஒரு காணொளியில் பார்த்தீர்கள். அமெரிக்காவின் பிரிசில்கோன் பைன் மரம் 4,800 ஆண்டுகளைத் தாண்டியது என்று இன்னொன்றில் பார்த்தீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, "மரம் சுறாவைவிடப் பத்து மடங்கு மூத்தது" என்று போட்டுவிடலாமா என்கிறீர்கள். கூடவே, "சுறாவின் வயதை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?" என்று உங்கள் மாணவி ஒருத்தி கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

சுருக்கமான பதில்: சுறாவின் வயதை யாரும் எண்ணவில்லை, கணித்தார்கள். மரத்தின் வயதை எண்ணினார்கள். இரண்டு எண்களும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிறந்த விதம் வேறு. அதைவிட முக்கியமாக, சுறாவின் வயதைக் கணிக்கப் பயன்பட்ட அளவுகோலே மரங்களிடமிருந்து வந்தது. இந்தச் செய்தி அந்தத் தாளில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மீன்வள ஆய்வில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். அதில் பெரும்பகுதி, மீனின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை. மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து வளையங்களை எண்ண வேண்டும். ஒரே கல்லை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவோம். நான் 11 என்பேன், பக்கத்து மேசைக்காரர் 13 என்பார். மூன்றாவது ஆள் வந்து பார்ப்பார். மூவருக்கும் ஒத்துவராத கல்லை ஒதுக்கிவிடுவோம். வயது என்பது எவ்வளவு வழுக்கலான எண் என்பதை அந்த மேசைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கிரீன்லாந்து சுறா வாழும் வடகடலில் நான் வேலை செய்ததில்லை, மரவியலும் என் துறை அன்று. இரண்டையும் பற்றி நான் சொல்வது வெளிவந்த ஆய்வுகளைப் படித்தும், வயது பார்க்கும் தொழிலில் எனக்குப் பழக்கமான கண்ணாலும்.

முதலில் மரம். பிரிசில்கோன் பைன் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா மாநிலங்களின் உயர்ந்த, வறண்ட மலைகளில் வளர்கிறது. கலிபோர்னியாவின் ஒயிட் மலைகளில் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் பழைய மரங்கள் நிற்கின்றன. வெளிறிய சுண்ணாம்பு வகை மண், குறைந்த மழை, கடும் குளிர். அங்கே ஒரு மரம் தடிப்பதற்குக் கிடைக்கும் நாட்கள் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான். அதனால் ஓராண்டின் வளையம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும், சில ஆண்டுகளில் முடி அளவுக்கு மெலிந்துவிடும். மரத்தை வெட்டாமலே வயது பார்க்க முடியும். உள்ளீடற்ற திருகு ஒன்றைப் பட்டையிலிருந்து நடுமையம் நோக்கித் திருகிச் செலுத்தினால், பென்சில் தடிமனில் ஒரு மரக்குச்சி வெளியே வரும். அந்தக் குச்சியில் அடுக்கடுக்காக ஆண்டுகள் இருக்கும். அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் ஷுல்மன் 1950-களில் இப்படித்தான் ஒயிட் மலைகளில் 4,000 ஆண்டுகளைத் தாண்டிய மரங்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் மெதுசேலா என்று பெயரிடப்பட்ட மரத்தில் 1957-ல் மாதிரி எடுத்தார்கள். நீங்கள் காணொளியில் பார்த்த 4,800 என்ற எண் அந்த மரத்துடையது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்கள் போய்ப் பட்டையைப் பிய்த்துவிடுவார்கள் என்று அது நிற்கும் இடத்தை வனத்துறை வெளியே சொல்லவில்லை.

வளையத்தை எண்ணினால் போதுமா என்று கேட்டால், போதாது. மிக மோசமான வறட்சி ஆண்டில் மரம் வளையமே போடாமல் விட்டுவிடும், அல்லது தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் போடும். அப்படியானால் எண்ணிக்கை குறைந்துபோகும். இதைச் சரிசெய்ய ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த வழிதான் இன்றுவரை நிற்கிறது. ஒரே மலையில் நிற்கும் மரங்கள் எல்லாம் ஒரே வறட்சியைத்தான் பட்டிருக்கும். ஆகவே மெலிந்த வளையம், தடித்த வளையம், மறுபடி இரண்டு மெலிந்தவை என்று வரும் வரிசை எல்லா மரங்களிலும் ஒத்திருக்க வேண்டும். ஒரு மரத்தில் ஓர் ஆண்டு விடுபட்டிருந்தால், மற்ற மரங்களோடு பொருத்திப் பார்க்கும்போது அந்த இடத்தில் வரிசை பிசகும், அங்கே விடுபட்ட ஆண்டைச் சேர்த்துக்கொள்வார்கள். வளர்ச்சிக் காலத்தில் உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் வளையத்தில் செல்கள் நசுங்கி வடு விழுந்திருக்கும். 1883-ல் கிராக்கத்தோவா எரிமலை வெடித்து, அதன் தூசும் கந்தகமும் வானில் பரவியதற்கு அடுத்த ஆண்டு, 1884-ன் வளையத்தில் பிரிசில்கோன் மரங்களில் அப்படியொரு வடு இருக்கிறது. தேதி தெரிந்த நிகழ்ச்சி ஒன்று மரத்தில் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. செவிக்கல்லோடு மல்லுக்கட்டிய எனக்கு இந்தச் சரிபார்ப்பு எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். பிரிசில்கோன் விஷயத்தில் வயது ஓராண்டு துல்லியத்துக்கு வந்துவிடுகிறது என்றே சொல்லலாம்.

மரத்தின் பக்கத்திலும் சந்தேகமான எண்கள் உண்டு. 5,000 ஆண்டுகளைக் கடந்த பிரிசில்கோன் மரம் ஒன்று இருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தி பரவியது. ஷுல்மன் எடுத்த மாதிரியை ஆராய்ந்த டாம் ஹார்லன் அதைச் சொன்னார். அவர் 2013-ல் இறந்த பிறகு அந்த மாதிரிக் குச்சியைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. காட்டச் சான்று இல்லாத வயதை நான் தாளில் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். சிலி நாட்டில் "பெரிய தாத்தா" என்று அழைக்கப்படும் அலெர்சே மரத்துக்கு 5,484 ஆண்டு என்று 2022-ல் செய்தி வந்தது. அந்த மரத்தின் தண்டு மிகப் பெரியது, திருகு நடுமையம் வரை எட்டவில்லை. எட்டிய பகுதியில் எண்ணியது சுமார் 2,400 வளையங்கள், மீதியைப் புள்ளியியல் கணக்கால் நிரப்பினார்கள். அந்த எண் தவறு என்று நான் சொல்லவில்லை. அது எண்ணியதும் கணித்ததும் கலந்த எண். சுறாவின் வயதுக்கு உறவான எண், பிரிசில்கோன் வயதுக்கு உறவானது அன்று.

இனி சுறா. எலும்புள்ள மீன்களுக்குச் செவிக்கல் இருப்பதுபோல, பல சுறா இனங்களுக்கு நடுமுள்ளில் வளையம் இருக்கும். சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான், ஆனால் நடுமுள்ளின் கண்ணிகளில் சுண்ணாம்பு படியும். அந்தப் படிவத்தைக் குறுக்கே வெட்டிச் சாயம் ஏற்றினால் வளையங்கள் தெரியும். நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். கிரீன்லாந்து சுறாவிடம் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அதன் நடுமுள் மிக மிருதுவானது, எண்ணும்படி வளையம் எதுவும் பதிவதில்லை. முதுகுத் துடுப்பில் முள்ளும் இல்லை. வயது எழுதிவைக்க அந்த உடம்பில் ஏடே இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அது மெல்ல வளர்கிறது என்பது மட்டும் தெரியும். 1936-ல் கிரீன்லாந்தை ஒட்டிய கடலில் அடையாளப் பட்டை மாட்டி விடப்பட்ட ஒரு சுறா 1952-ல் மறுபடியும் பிடிபட்டது. பதினாறு ஆண்டில் அது வளர்ந்தது சுமார் 8 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் நீளம் வரை வளரும் இனம் அது. மனக்கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் அன்றைக்கே வியந்திருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு மீனை வைத்து ஓர் இனத்தின் ஆயுளைச் சொல்ல முடியாது.

ஏடு கண்ணில் இருந்தது. மீன்தலையைக் குழம்பு வைக்கும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வெந்த மீனின் கண்ணை வாயில் போட்டால் கடைசியில் வெள்ளையாக, உருண்டையாக, கடிபடாத ஒரு மணி மிஞ்சுமே, அதுதான் கண்ணின் வில்லை. உயிரோடு இருக்கும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது, வெந்ததும் வெளுத்துவிடுகிறது. அடுத்த முறை அந்த மணியை நகத்தால் உரித்துப் பாருங்கள். வெங்காயம்போலப் படலம் படலமாக உரியும். வெளிப்படலம் கடைசியாக உண்டானது, நடுவில் இருக்கும் கடுகளவு மையம் முதலில் உண்டானது. முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்துக்கும் இப்படித்தான். வில்லையின் நடுமையம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. அதிலுள்ள புரதம் அதன்பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை. தோல், ஈரல், தசை எல்லாம் பழையதைக் கழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும்போது, கண்ணின் நடுவில் மட்டும் பிறந்த காலத்துச் சரக்கு அப்படியே கிடக்கிறது. மரத்தில் வைரம் பாய்ந்த நடுக்கட்டை எப்படியோ, அப்படி. இந்த இனத்தின் விழியில் ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டு மேற்பரப்பைப் புண்ணாக்கிவிடுவது வழக்கம். ஆனால் அது பற்றுவது விழியின் வெளித்தோலில்தான், உள்ளே இருக்கும் வில்லையில் அன்று.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் நீல்சனும் அவருடைய குழுவினரும் 28 பெண் சுறாக்களின் வில்லை மையங்களை எடுத்து, அவற்றில் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 2016-ல் சயின்ஸ் இதழில் முடிவு வந்தது. கார்பன்-14 பற்றி உங்கள் மாணவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: இது கார்பனின் கதிரியக்க வகை. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் இதை ஓயாமல் உண்டாக்குகின்றன. உயிர்கள் காற்றின் வழியாகவும் உணவின் வழியாகவும் இதை உடம்பில் சேர்க்கின்றன. சேர்ப்பது நின்றுபோன திசுவில் இது மெல்லச் சிதையும், 5,730 ஆண்டில் பாதியாகும். வில்லையின் மையத்தில் சேர்ப்பது பிறப்புக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஆகவே அதிலிருந்து எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்தால் பிறந்த காலம் தெரியும்.

கேட்க எளிது. செய்யும்போது மூன்று முட்டுக்கட்டைகள் வந்து நிற்கின்றன. நானூறு ஆண்டில் சிதைவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய வித்தியாசத்தில் இருந்துதான் வயதைப் பிழிந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, கடல். ஆழ்கடல் நீர் பல நூறு ஆண்டுகள் காற்றைத் தொடாமல் கிடந்துவிட்டு மேலே வருகிறது. அதில் கார்பன்-14 ஏற்கெனவே குறைந்திருக்கும். அதனால் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முந்திய காலத்தில், உலகக் கடல்களின் மேற்பரப்பில் அன்றே பிறந்த ஒரு மீனை அளந்திருந்தால்கூட, சராசரியாக நானூறு வயது என்று கருவி காட்டியிருக்கும். நாம் தேடும் வயதும் நானூறு, கடல் நம்மைத் தவறாக நம்பவைக்கும் அளவும் நானூறு. இந்தப் பிழையை எவ்வளவு சரியாகக் கழிக்கிறோமோ அவ்வளவுதான் விடை சரியாகும். அதிலும் சுறாவின் வில்லையில் இருப்பது தாய் தின்ற இரையின் கார்பன். தாய் எந்தெந்தக் கடற்பகுதியில், எந்த ஆழத்தில் மேய்ந்தாளோ அதைப் பொறுத்து அளவு மாறும். மூன்றாவது, வளிமண்டலத்திலேயே கார்பன்-14 காலந்தோறும் ஒரே அளவில் இருந்ததில்லை. கடந்த சில நூற்றாண்டுகளில் அது ஏறியும் இறங்கியும் இருப்பதால் ஒரே அளவீடு பல காலங்களுக்குப் பொருந்திவிடுகிறது.

இந்த மூன்றாவது முட்டுக்கட்டையில்தான் மரம் சுறாவுக்குக் கைகொடுக்க வருகிறது. கார்பன்-14 முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபி, அதன் அளவு எக்காலத்திலும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார். அது சரியா என்று பார்க்க, வயது வேறு வழியில் உறுதியாகத் தெரிந்த பொருள் வேண்டும். பிரிசில்கோன் மரத்தைவிட நல்ல பொருள் எங்கே கிடைக்கும்? அந்த வறண்ட குளிரில் செத்த மரங்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கின்றன. உயிருள்ள மரத்தின் உள்வளையங்களோடு செத்த மரத்தின் வெளிவளையங்களைப் பொருத்தி, அரிசோனாவின் சி. டபிள்யு. ஃபெர்குசன் 1960-களில் 7,000 ஆண்டுகளைத் தாண்டிய தொடர்ச்சியான வளைய வரிசையைக் கட்டினார். அந்த வளையங்களிலிருந்து எடுத்த மாதிரிகளை ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் கார்பன்-14 முறையில் அளந்தார். 5,000 ஆண்டுக்கு முந்திய வளையங்கள் பல நூறு ஆண்டுகள் இளமையாகக் காட்டின. லிபியின் அனுமானம் பிசகியது, ஆனால் எந்தக் காலத்தில் எவ்வளவு பிசகியது என்பது கையில் கிடைத்துவிட்டது. பின்னர் ஐரோப்பாவின் ஓக் மரங்களும் அமெரிக்காவின் வேறு மரங்களும் சேர்ந்து அந்தத் திருத்த அட்டவணையைத் திடமாக்கின. இன்று உலகெங்கும் பயன்படுவது அதன் வழித்தோன்றல்தான். கடல் பொருள்களுக்கான திருத்த அட்டவணையில்கூட, கடந்த பத்தாயிரம் ஆண்டுக்கான பகுதி மர வளையங்களின் அட்டவணையைக் கடலின் கலப்புக்கு ஏற்பக் கணக்கிட்டு எடுத்ததுதான்.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சுறாவுக்குத் தேவையான கடைசி ஐந்நூறு ஆண்டுகளின் அளவீடுகளில் பெரும்பகுதி பிரிசில்கோனிலிருந்து வந்தது அன்று, வேறு மரங்களிலிருந்து வந்தது. ஆகவே "பிரிசில்கோன்தான் சுறாவின் வயதைச் சொன்னது" என்று எழுதினால் மிகையாகும். மர வளையங்கள் இல்லாமல் சுறாவின் வயதைச் சொல்லியிருக்க முடியாது, அந்த வேலையைத் தொடங்கிவைத்தது பிரிசில்கோன் என்று எழுதினால் முழுக்கச் சரி.

சுறா ஆய்வில் உறுதியானது எது, ஊகம் கலந்தது எது என்று பிரித்துப் பார்ப்போம். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. கடலின் உணவுச் சங்கிலியில் அதன் தடம் 1960-களின் தொடக்கத்தில் ஏறத் தொடங்கியது. 28 சுறாக்களில் மிகச் சிறிய மூன்றில் மட்டுமே அந்தத் தடம் இருந்தது. அவற்றில் 220 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒன்று, தடம் ஏறத் தொடங்கிய சமயத்தில் பிறந்தது, அதாவது ஆய்வின்போது அதற்குச் சுமார் 50 வயது. மற்ற 25-ம் அதற்கு முன்பே பிறந்தவை. இந்தத் துண்டு திடமானது. ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு சுறாவுக்கு ஐம்பது வயது, அது இன்னும் குட்டி ஈனும் பருவத்தைத் தொடவே இல்லை என்பது ஒன்றே போதும், இந்த இனம் வேறு கதியில் வாழ்கிறது என்று சொல்ல.

மற்ற 25 சுறாக்களுக்கு வயது வந்த வழி இன்னும் சுற்றானது. ஒவ்வொன்றின் கார்பன் அளவு, கடல் திருத்தம், பிறக்கும்போதிருந்த நீளம் சுமார் 42 சென்டிமீட்டர் என்ற தகவல், பெரிய சுறா சிறிய சுறாவைவிட வயதானது என்ற நியாயமான அனுமானம், இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, எந்த வயது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தார்கள். மிகப் பெரியது 502 சென்டிமீட்டர். அதற்குக் கிடைத்த விடை 392, கூட்டியோ குறைத்தோ 120. அதாவது 272-க்கும் 512-க்கும் இடையே எங்கோ இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. அதற்கு அடுத்த பெரிய சுறாவுக்கு 335, கூட்டியோ குறைத்தோ 75. நீங்கள் பார்த்த காணொளி மேல்நுனியை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கிவிட்டது. 512 என்பது அந்தச் சுறாவின் வயது அன்று, அதன் வயது தாண்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவான எல்லை. எங்கள் மேசையில் ஒருவர் இப்படி மேல்நுனியை எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்போம்.

இந்த இனத்தின் பெண் சுமார் 150 வயதில்தான் குட்டி ஈனும் பருவத்தை அடைகிறது என்ற எண்ணும் அதே கணக்கிலிருந்து வந்ததுதான். பெண்கள் நான்கு மீட்டர் நீளத்தில் முதிர்கின்றன என்பது நேரில் அறுத்துப் பார்த்துத் தெரிந்தது. நான்கு மீட்டர் வளர எத்தனை ஆண்டு என்பதுதான் கணித்தது. கடல் திருத்தம் சற்று மாறினால் இந்த எண்ணும் மாறும். ஆனால் என் மதிப்பீடு இது: கீழ்நுனியான 272-ஐ எடுத்துக்கொண்டாலும், நமக்குத் தெரிந்த முதுகெலும்புள்ள உயிர்களில் இதற்கு நிகர் இல்லை. இதற்கு அடுத்து வரும் வில்தலைத் திமிங்கிலத்துக்கு 211 என்ற கணிப்பு உண்டு. அதுவும் கண் வில்லையின் புரதத்திலிருந்து வந்த கணிப்புதான். ஆகவே "முதலிடம்" என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, "எத்தனை ஆண்டு" என்பதில் மட்டும்தான்.

வடகடலிலும் எண்ணிய வயது ஒன்று உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஐஸ்லாந்துக்கு அருகே 2006-ல் எடுத்த ஒரு சிப்பி. அதன் ஓட்டில் மரம்போலவே ஆண்டு வளையம் இருக்கும். முதலில் 405 என்றார்கள். பின்னர் கவனமாக மறுபடி எண்ணி, மற்ற ஓடுகளின் வளைய வரிசையோடு பொருத்திப் பார்த்து, 2013-ல் 507 என்று திருத்தினார்கள். அதே குளிர்ந்த நீரில், சுறா நீந்தும் வடகடலின் தரையில், மரத்தின் முறையில் எண்ணப்பட்ட ஓர் உயிர். உங்கள் தாளில் இடமிருந்தால் இரண்டுக்கும் நடுவே இதையும் வையுங்கள்.

இனி, "மரம் பத்து மடங்கு மூத்தது" என்ற வாக்கியம். எண்ணாகப் பார்த்தால் பெரிய தவறில்லை. ஆனால் "மூத்தது" என்ற சொல் இரண்டு உடம்புகளில் இரண்டு பொருள் தருகிறது. 4,800 ஆண்டு மரத்தில் 4,800 ஆண்டாக உயிரோடு இருக்கும் திசு ஏதும் இல்லை. வைரம் பாய்ந்த நடுக்கட்டை முழுதும் செத்த மரம்தான். உயிர் இருப்பது பட்டைக்கு அடியில் ஓடும் மெல்லிய வளர்படையிலும், அதை ஒட்டிய வெளிமரத்திலும், ஊசியிலைகளிலும், வேர்நுனிகளிலும். மிகப் பழைய பிரிசில்கோன்களில் தண்டின் பெரும்பகுதி பட்டை உரிந்து வெறும் கட்டையாக நிற்கும். ஒரு பக்கத்தில் கைப்பிடி அகலத்தில் ஒரே ஒரு பட்டைக் கீற்று வேரிலிருந்து மேலேறி ஒரு கிளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பாதி உடம்பை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியில் வாழ மரத்தால் முடியும், அதுவே அதன் நீண்ட ஆயுளின் பெரிய காரணம். பழைய மரங்களின் வளர்படையையும் விதையையும் இளைய மரங்களோடு ஒப்பிட்டு 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. மூப்பின் அறிகுறி என்று சொல்லும்படி எதையும் அவர்கள் காணவில்லை.

சுறாவால் அப்படி எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஈரல் பாதி செத்தால் மீதி நீந்தாது. ஒரே இதயம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்காமல் துடிக்க வேண்டும், ஒரே மூளை வழிநடத்த வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரும், மிக மெதுவான நீச்சலும், மந்தமான உடல் எரிப்பும் அதற்கு உதவுகின்றன என்பது உறுதி. ஆனால் குளிர்ந்த கடலில் எத்தனையோ மீன்கள் வாழ்கின்றன, எல்லாம் முந்நூறு ஆண்டு வாழ்வதில்லை. அதன் மரபணுத் தொகுதியை அண்மையில் படித்திருக்கிறார்கள். மனிதனுடையதைப்போல இரண்டு மடங்கு பெரியது அது. மரபணுச் சேதத்தைச் சீர்செய்யும் வழிகளில் விடை இருக்கலாம் என்று தேடுகிறார்கள், தேடல் தொடக்கத்தில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், மரத்தின் 4,800 ஆண்டைவிடச் சுறாவின் 300 ஆண்டுதான் எனக்குப் பெரிய அதிசயம். இது அறிவியல் முடிவன்று, வாழ்நாளெல்லாம் மீன் அறுத்தவனின் எண்ணம்.

இன்னொன்றும் இரண்டையும் இணைக்கிறது, எழுத மனம் கனக்கிறது. 1964-ல் நெவாடாவின் வீலர் சிகரத்தில் டொனால்ட் கர்ரி என்ற ஆராய்ச்சி மாணவர், பழைய பனியாறுகளின் காலத்தை அறிவதற்காக ஒரு பிரிசில்கோன் மரத்தை வனத்துறையின் அனுமதியோடு வெட்டினார். அவர் எண்ணியது 4,844 வளையங்கள், பின்னர் மறுபடி எண்ணியபோது 4,862. உலகில் எண்ணப்பட்ட மிகப் பழைய மரம் அது என்பது வெட்டிய பிறகே தெரிந்தது. சுறாவின் விழி மையத்தை எடுக்கவும் இன்றுவரை சுறா செத்தாக வேண்டும். நீல்சன் குழுவினர் பயன்படுத்தியவை பெரும்பாலும் வேறு மீனுக்கான வலையிலும் தூண்டிலிலும் தவறிச் சிக்கியவை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஈரல் எண்ணெய்க்காக இந்த இனத்தை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 150 வயதில் குட்டி ஈனும் இனம் அந்த இழப்பை ஒரு தலைமுறையில் நிரப்ப வேண்டுமென்றாலும் இன்னும் காலம் ஆகவில்லை. உங்கள் தாளில் ஒரு வரிக்கு இடமிருந்தால் இதற்குக் கொடுங்கள்.

கடைசியாக, தாளை எப்படி வரைவது. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டப்பட்ட அந்த மரத்தின் கோடு 486 சென்டிமீட்டர் நீளம் வரும். அதைப் பேனாவால் கறுப்பாக, உடையாமல் இழுக்கலாம், எண்ணியது. அதன் அடியில் சுறாவின் கோடு. பூஜ்யத்திலிருந்து 27 சென்டிமீட்டர் வரை அழுத்தமாக, அங்கிருந்து 51 சென்டிமீட்டர் வரை புள்ளிகளாக, 39-க்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி. எண்பது வயது மனிதருக்கு 8 சென்டிமீட்டர். இடம் போதுமானால் சுவர் நெடுக அந்தச் சுறாவையே அதன் அசல் நீளத்தில், 502 சென்டிமீட்டராக, வரையுங்கள். மரத்தின் மொத்த ஆயுட்கோடும் அந்த உடம்புக்குள் அடங்கி, வால் நுனிக்கு 16 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். புள்ளிகளை வைக்கும் வேலையை, யார் எண்ணினார்கள் என்று கேட்ட அந்த மாணவியிடம் கொடுங்கள்.